ஸ்டாண்டு எடுத்தாச்சா?

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவை ஒருக்களித்து வைத்தால் போதும், தாழ் போட வேண்டாம். வீடு வந்து சேர வேண்டியவர்கள் யாராவது வெளியே இருப்பார்கள். நான் சொல்லப்போவது ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்ற கதை. அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கேட்டு முடித்ததும் நீங்களே எழுந்துபோய், வாசலில் நிற்கிற வண்டியை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு வருவீர்கள். அது மட்டும் நிச்சயம்.

"அண்ணே, ஸ்டாண்டு!"

போடிமெட்டு டீக்கடைக்காரன்தான் முதலில் கத்தினான். பால்பாண்டி அப்போதுதான் வண்டியைக் கிளப்பி இறக்கத்தில் விட்டிருந்தான்.

நம் பக்கத்து வழக்கம்தானே இது. ரோட்டில் போகிறவன் பகையாளியாகவே இருக்கட்டும், அவன் வண்டியில் ஸ்டாண்டு எடுக்காமல் தொங்கிக்கொண்டிருந்தால் பார்க்கிறவன் கத்தாமல் விடமாட்டான். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டுவார்கள். தலையில் விறகுக்கட்டோடு வருகிற பெண், கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழே காட்டுவாள். சொன்னவர்கள் அடுத்த நிமிஷம் மறந்தும் போவார்கள்.

பால்பாண்டி குனிந்து பார்த்தான். ஸ்டாண்டு மேலேதான் இருந்தது, ஒழுங்காக மடங்கி, ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்தபடி. டீக்கடைக்காரனுக்குக் கண் சரியில்லை என்று நினைத்துக்கொண்டான்.

செக்போஸ்ட்டைத் தாண்டி முதல் இரண்டு வளைவு இறங்கியிருப்பான். ஓரமாக ஏறி வந்துகொண்டிருந்த ஒரு வயசாளி குச்சியால் வண்டியின் இடப்பக்கத்தைக் காட்டினார். "தம்பி, ஸ்டாண்ட எடு, ஸ்டாண்ட எடு!"

பார்த்தான். மேலேதான் இருந்தது. இருந்தாலும் ஒரு தடவை காலால் பின்னுக்கு உதைத்துப் பார்த்துக்கொண்டான்.

சாயங்காலம் நாலரை மணிதான். ஆனால் கார்த்திகை மாதத்துப் பனிமஞ்சு பள்ளத்திலிருந்து ஏறி வந்து, மரத்தை மூடி, தடுப்புச் சுவரை மூடி, ரோட்டில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாமல் பண்ணியிருந்தது. கீழே எங்கேயோ ஜீப்புகள் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துத் திரும்புகிற சத்தம் பஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. இலைகளிலிருந்து சொட்டுகிற தண்ணீர், சூடேறிய பிரேக்கின் கருகல் வாசனை, ஹெல்மெட்டுக்குள் அவன் மூச்சு. இவை போக வேறொன்றும் இல்லை.

பால்பாண்டிக்கு நாற்பத்திரண்டு வயது. போடி மார்க்கெட்டுக்குப் பின்னால் வண்டி ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். கரண்டு சம்பந்தப்பட்ட வேலை எதுவானாலும் மற்ற மெக்கானிக்குகளே அவனிடம்தான் தள்ளிவிடுவார்கள். "கரண்டு நம்ம கண்ணுக்குத் தெரியாது, பால்பாண்டி கண்ணுக்குத் தெரியும்" என்று பேர். அன்று அவன் மலைக்கு ஏறியது வேலைக்காக இல்லை. ஒரு கருமாதிக்கு.

கன்னையன் என்று ஒருவன். மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில், கூலியாட்களுக்கான லயத்து வீட்டில் இருக்கிறவன். ஐந்து வருஷமாக வண்டியைப் பால்பாண்டியிடம்தான் விடுவான். அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி செத்து அன்றைக்குப் பதினாறாம் நாள்.

முத்துப்பேச்சியையும் பால்பாண்டிக்கு நன்றாகத் தெரியும். புருஷன் பின்னால், இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு ஒருக்களித்து உட்கார்ந்து வருவாள். கடை முன்னால் இறங்கியதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கை பச்சை ஏலக்காயை அவன் மேஜையில் கொட்டுவாள்.

"டீயில தட்டிப் போட்டுக் குடிங்கண்ணே. ஓனருக்குத் தெரியாம கொண்டாந்தது, வெரசா உள்ள வைங்க."

கிளம்பும்போது புருஷன் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவாள். தவறாமல் ஒரே கேள்வி.

"ஸ்டாண்டு எடுத்தாச்சா?"

"எடுக்கலைன்னா வண்டியே கெளம்பாது கழுத. நம்பிக்கை இல்லைன்னா அண்ணன்கிட்டக் கேளு."

"ஆமாம்மா," என்று பால்பாண்டியும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். "ஸ்டாண்டுல ஒரு சுவிட்சு இருக்கு. ஸ்டாண்டு கீழ இருந்தா இஞ்சினுக்கு உசுரே வராது."

"என்ன சுவிட்சோ போங்க. நான் கேக்குறதக் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்."

ஆடி மாதம் அந்தச் சுவிட்சு கெட்டுப்போனது. ஸ்டாண்டு மேலே இருந்தாலும் கீழே இருப்பதாகவே நினைத்துக்கொண்டு வண்டி கிளம்ப மறுத்தது. புதுசு மதுரையிலிருந்து வர நாலு நாள் ஆகும். கன்னையன் மறுநாள் காலையில் தோட்டத்தில் இருக்க வேண்டும். பால்பாண்டி சுவிட்சை வெட்டி எறிந்தான். இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாக்கி, மேலே டேப் சுற்றினான். டைரக்ட். எந்தக் கடையிலும் செய்கிற ஒட்டுவேலைதான். ஆனால் அதற்குப் பிறகு ஸ்டாண்டு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று அந்த வண்டிக்குத் தெரியாது. தொங்கிக்கொண்டிருந்தாலும் கிளம்பிவிடும்.

அதைச் சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. கடையில் கூட்டம். "சரி பண்ணியாச்சு, எடுத்துட்டுப் போ," என்று மட்டும் சொன்னான். நாலாம் நாள் புதுச் சுவிட்சு வந்தது. கன்னையன் அந்தப் பக்கம் வரவில்லை. இவனும் கூப்பிடவில்லை. டப்பா அலமாரியிலேயே கிடந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் விடிகாலையில், மலை இறங்கும்போது, ஆறாம் வளைவில் அது நடந்தது; வளைவுகளுக்கு எண் அடிவாரத்திலிருந்துதான். இடது கைப்பக்கம் ஒடித்துத் திரும்புகிற வளைவு. வண்டி இடப்பக்கம் சாய்ந்ததும் தொங்கிக்கொண்டிருந்த ஸ்டாண்டு தாரில் குத்தி வண்டியை அப்படியே தூக்கியெறிந்தது. கன்னையன் ரோட்டில் விழுந்தான். முத்துப்பேச்சி தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் போனாள்.

மூன்றாம் நாள், தலையில் கட்டோடு கன்னையன் கடைக்கு வந்து நின்றான். "அண்ணே, ஸ்டாண்டு கீழ இருந்துச்சுன்னு போலீஸ்காரக சொல்றாக. அன்னைக்கும் அவ கேட்டாண்ணே. எடுத்தாச்சான்னு கேட்டா. நான் குனிஞ்சுகூடப் பாக்கல. கீழ இருந்தா வண்டி கெளம்பாதுல்லண்ணே? பெறகு எப்படிக் கெளம்புச்சு?"

பால்பாண்டி கையில் இருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல கன்னையா. நான்தான பாத்தேன். ஸ்டாண்ட எடுக்குறது ஓட்டுறவன் சோலி."

இப்போது கருமாதி வீட்டுக்குப் போகும்போது அவன் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். கை கழுவுகிற இடத்திலோ வாசலிலோ தனியாகக் கூப்பிட்டு, நான்தான் சுவிட்சை வெட்டினேன், உன் மேல் குற்றம் இல்லை என்று ஒரு வார்த்தை.

கன்னையன் மொட்டைத் தலையோடு லயத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். யாரையும் பார்க்கவில்லை. அவனுடைய இடது கால் மட்டும் தரையில் அசைந்துகொண்டே இருந்தது. குதிகாலால் பின்னுக்கு ஒரு உதை. நிறுத்தம். மறுபடியும் ஒரு உதை. ஸ்டாண்டு எடுக்கிற அசைவு.

"பதினாறு நாளா இதான் அப்பு," என்றாள் அவன் தாய் மூக்கம்மாள், பால்பாண்டியை ஓரமாக இழுத்துக்கொண்டு போய். "தூக்கத்துலயும் காலு ஓயல. சோறு எறங்கல. நானே அவளக் கொன்னுட்டேன், நானும் அங்ஙனயே போயிர்றேங்கான். நேத்து அந்த வளைவு வரைக்கும் நடந்தே போயிட்டான், ஜீப்புக்காரக பிடிச்சுக் கொண்டாந்து விட்டாக. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அப்பு. ஒங்க பேச்சக் கேப்பான்."

"சொல்றேன் ஆத்தா."

சொல்லவில்லை. சாப்பிட்டான். கை கழுவினான். மாலை போட்ட போட்டோவில் முத்துப்பேச்சி அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், ஓனருக்குத் தெரியாமல் கொண்டுவந்தவளின் சிரிப்பு. அதைப் பார்த்ததும் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், வாய்ப் பழக்கத்தில், "வர்றேம்மா," என்றான்.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். துக்க வீட்டில் அதைச் சொல்லலாமா? சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போக வேண்டிய இடம் அல்லவா அது? மூக்கம்மாள்தான், "பேசாம போங்க அப்பு," என்று முதுகில் கை வைத்து வாசல் பக்கம் தள்ளிவிட்டாள்.

அதை நினைத்துக்கொண்டேதான் இறங்கிக்கொண்டிருந்தான். எதிரே ஒரு பஸ் மஞ்சள் விளக்கோடு ஏறி வந்தது. ஜன்னலில் ஒரு சின்னப்பிள்ளை கையை வெளியே நீட்டி அவன் வண்டியைக் காட்டியது. சத்தம் கேட்கவில்லை. வாயசைவு தெரிந்தது. ஸ்டாண்டு.

இந்தத் தடவை அவன் குனிந்து பார்க்கவில்லை.

ஒன்பதாம் வளைவைத் திரும்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் இஞ்சின் நின்றது. இருமவில்லை, திணறவில்லை. விளக்கை அணைத்த மாதிரி நின்றது. வண்டி இறக்கத்தில் தானாக உருண்டது. பிரேக் பிடித்து ஓரத்தில் நிறுத்தினான். மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்டாண்டு கீழே இருக்கிறது என்று சொல்கிற விளக்கு.

ஸ்டாண்டு மேலே இருந்தது.

பால்பாண்டி சிரிக்கப் பார்த்தான். ஊரார் வண்டிக்கெல்லாம் ஒட்டுவேலை செய்தவன் தன் வண்டிக்கு மட்டும் ஒரு வயரைக்கூட வெட்டியதில்லை. எல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருந்தது. செல்ஃப் பட்டனை அழுத்தினான். டிக் என்றுகூடச் சத்தம் இல்லை. கிக்கர் இல்லாத வண்டி. ஹாரனை அடித்தான், அடித்தது. இண்டிகேட்டர் போட்டான், எரிந்தது. அப்படியென்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது, பியூஸ் போகவில்லை. சீட்டைக் கழற்றி எதற்கும் பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான், முழுசாக இருந்தது. ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுக்க ஒடித்தான், வயர் எங்காவது நசுங்கியிருந்தால் அந்த அசைவில் விளக்கு விட்டு விட்டு எரியும். எரியவில்லை, அணையவில்லை. ஒரே சிவப்பு. கீழே உட்கார்ந்து ஸ்டாண்டு சுவிட்சின் மேல் இருந்த சேற்றைத் துடைத்தான், ஊதினான், ஸ்டாண்டைப் பத்துத் தடவை இறக்கி ஏற்றினான். ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங் டங் என்று தட்டியது. அந்தச் சத்தம் மஞ்சுக்குள் போய், கொஞ்ச நேரம் கழித்து, கீழே எங்கிருந்தோ திரும்பி வந்தது.

டங்.

பதினோராவது தடவை அவன் ஸ்டாண்டைத் தொடவில்லை. சத்தம் மட்டும் கீழேயிருந்து வந்தது.

மலை எதிரொலி. அப்படித்தான் இருக்க வேண்டும். எழுந்து நின்று சாவியைத் திருப்பி உருவிச் சட்டைப்பையில் போட்டான். மீட்டர் அணைந்தது. முன் விளக்கு அணைந்தது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

இருபது வருஷம் கரண்டோடு பழகியவன். சாவி இல்லாமல் அந்த விளக்குக்குக் கரண்டு வர வழியே இல்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பேட்டரி வயரின் திருகைக் கழற்றித் தூக்கி விட்டான்.

எரிந்துகொண்டிருந்தது.

திரும்ப மாட்டினான். விரல்கள் வழுக்கின. இறக்கம்தானே, நியூட்ரலில் உருட்டிக்கொண்டே அடிவாரத்து முந்தல் வரைக்கும் போய்விடலாம் என்று ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டான். வண்டி நகர்ந்தது. நகர்ந்ததும் இடப்பக்கம் தரையோடு இரும்பு உரசுகிற சத்தம். பல் கூசியது. பிரேக் பிடித்தான். இறங்கிப் பார்த்தான். ஸ்டாண்டு மேலே. ஆனால் வண்டி நகர்ந்து வந்த அந்த நாலடிக்கு, ஈரத் தாரில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. ஆணியால் கீறினது போல. கையால் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது.

அப்போதுதான் மேலேயிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. வேலை முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்குகிற தோட்டத்து ஜீப்பு. டிரைவர் காமராஜ், கடைக்கு வருகிற பையன்தான். ஜீப்பை ஓரமாக நிறுத்தித் தலையை நீட்டினான். பின்னால் பதினைந்து பதினாறு பெண்கள், தலைத்துண்டோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னண்ணே, வைத்தியருக்கே காய்ச்சலா?"

பெண்கள் சிரித்தார்கள். பால்பாண்டிக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கெளம்ப மாட்டேங்குது மாப்ளே. என்னக் கீழ கொண்டுபோய் விட்டுரு. வண்டி கெடந்துட்டுப் போகுது."

"ஏறுங்கண்ணே. நீங்க தொத்திக்கிட்டு வந்துருவீக." காமராஜ் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தான். "அக்காவத்தான் எங்க வைக்கிறதுன்னு தெரியல. உள்ள எள்ளுப் போட எடமில்ல."

"எந்த அக்கா?"

காமராஜ் சிரித்தான். பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. பால்பாண்டியைப் பார்த்தான், அவன் பின்னால் பார்த்தான், மறுபடியும் அவனைப் பார்த்தான். ஜீப்புக்குள் ஒரு பெண், "ஏ சாமி, அது யாருன்னு பாருடீ," என்று அடித்தொண்டையில் சொன்னாள். கியர் விழுந்தது.

"காமராஜு! டேய்! நில்லுடா!"

ஜீப்பு போய்விட்டது. பின்விளக்கு இரண்டும் மஞ்சில் கரைந்தன.

பால்பாண்டி திரும்பிப் பார்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். வண்டி நின்றிருந்தது. சீட்டு காலியாக இருந்தது. நனைந்த ரெக்சின் சீட்டு, பனித்துளி பூத்து வெள்ளையாக. பின்பக்கம் மட்டும், ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்கு, துளி இல்லாமல் கறுப்பாக இருந்தது.

போன் அடித்தது. அந்த இடத்தில் கீழே போடி டவரிலிருந்து சிக்னல் கிடைக்கும். கன்னையன்.

"அண்ணே." நாள்கணக்காகச் சரியாகப் பேசாத தொண்டை. "வீடு போய்ச் சேந்துட்டீகளா?"

"இல்ல கன்னையா. வழியிலதான்."

"ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்ணே. கூட்டத்துல கேக்க முடியல. நெசத்தச் சொல்லுங்க. அந்தச் சுவிட்சு நல்லாத்தான இருந்துச்சு? நான்தான அவளக் கொன்னேன்? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்கண்ணே. எனக்குத் தெரிஞ்சுட்டாப் போதும். பெறகு நான் பாத்துக்கிறேன்."

எதிர்முனையில் டக், டக் என்று ஒரு சத்தம். கால் தரையில் உதைக்கிற சத்தம்.

பால்பாண்டி வாயைத் திறந்தான். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. கூடவே வேறு எல்லாமும் வந்து நின்றன. போலீஸ், கடை, மார்க்கெட்டில் முகத்துக்கு நேராகப் பேசப்போகிறவர்கள், கோலம் போட்டுவிட்டு நிமிர்கிற தன் பெண்டாட்டி சுகன்யாவின் முகம். மஞ்சு அசையாமல் நின்றது. எதுவோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி, இலைச் சொட்டுகூட நின்றிருந்தது.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல கன்னையா," என்றான்.

டக் சத்தம் நின்றது. போன் வைக்கப்பட்டது.

எங்கிருந்தோ பச்சை ஏலக்காய் வாசனை வந்தது. காய்ந்த காயின் வாசனை இல்லை. அப்போதுதான் நகத்தால் கிள்ளிய காய்.

அவன் கைகள் தானாக வேலை செய்தன. டூல்ஸ் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தான். ஸ்டாண்டுக்குப் போகிற வயரைத் தேடி இழுத்தான். வெட்டினான். பல்லால் தோலைக் கடித்து உரித்தான். இரண்டு வயரையும் விரலில் வைத்து முறுக்கினான், நாலு சுற்று, ஆடியில் முறுக்கிய அதே நாலு சுற்று. டேப் ஒட்டினான். சிவப்பு விளக்கு அணைந்தது.

சாவி. பட்டன். ஒரே தொடலில் இஞ்சின் பிடித்தது.

ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் மெதுவாக ஒரு தடவை அமுங்கியது. ஒரு ஆள் கனம். இடப்பக்கமாகக் கொஞ்சம் கூடுதல் கனம், ஒருக்களித்து உட்காருகிறவர்கள் ஏறினால் இருக்குமே, அது.

திரும்பாதே. திரும்பாதே. முன்னால் பார். ரோட்டைப் பார்.

கியர் போட்டு விட்டான். எட்டாம் வளைவு, இடது. சாய்ந்தான். அவனோடு சேர்ந்து பின்னால் இருந்த கனமும் சாய்ந்தது, பழக்கப்பட்ட ஆள் சாய்கிற மாதிரி, அளவாக. ஒன்றும் ஆகவில்லை. ஸ்டாண்டு தரையைத் தொடவில்லை. மூச்சு விட்டான். ஏழாம் வளைவு, வலது. அதையும் திரும்பினான். வலது கண்ணாடியில் மஞ்சு. இடது கண்ணாடியில், மஞ்சுக்கு முன்னால், காற்றில் ஆடுகிற ஒரு முந்தானை நுனி. முடிச்சுப் போட்ட நுனி.

ஜீப்பு நின்றுகொண்டிருந்தது. ஏழாம் வளைவைத் தாண்டி, ஓரமாக. யாரோ ஒரு பெண் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சிலிருந்து அவன் வண்டி வெளியே வருவதைப் பார்த்தார்கள். அத்தனை கையும் ஒன்றாக எழுந்தது. அத்தனை விரலும் கீழே காட்டியது.

ஆனால் யாரும் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

"யக்கா! யக்கோவ்! ஸ்டாண்டு! காலத் தூக்குங்கக்கா, ஸ்டாண்ட விடுங்க!"

தாண்டிவிட்டான். சத்தம் பின்னால் போய்விட்டது.

அப்போதுதான் குனிந்து பார்த்தான்.

ஒரு கால். செருப்பில்லாத இடது கால். பித்தவெடிப்பில் சிவப்பு மண் அப்பிய குதிகால். விரலில் மெட்டி. அந்தக் குதிகால் ஸ்டாண்டின் மேல் இருந்தது. அவசரப்படாமல் அதை அமுக்கிக்கொண்டிருந்தது. தண்ணிக்குடத்தை இறக்கி வைக்கிற மாதிரி, மெதுவாக.

டங்.

பிரேக்கைப் பிடித்தான். பிடி ஹேண்டில் வரைக்கும் வந்து தொளதொளவென்று நின்றது. சாவியைத் திருப்பினான். முன் விளக்கு அணைந்தது. மீட்டர் அணைந்தது. இஞ்சின் ஓடியது. சாவியை உருவி எறிந்தான். இஞ்சின் ஓடியது. வெட்டி முறுக்கிய வயர். எதையும் பார்க்காத வயர்.

"நான்தான்!" என்று கத்தினான். "நான்தான் வெட்டுனேன்! கன்னையன் இல்ல, நான்தான்! அவன்கிட்டச் சொல்லிர்றேம்மா, இப்பவே சொல்லிர்றேன்!"

ஒரு கையால் போனை எடுத்தான். சிக்னல் இல்லை.

மஞ்சு விலகியது. முன்னால் கறுப்பும் மஞ்சளுமாகத் தடுப்புச் சுவர். அதன் மேல் வெள்ளையில் ஆறு என்ற எண். சுவரின் ஓரத்தில் யாரோ நின்றிருந்தார்கள், மொட்டைத் தலையோடு, இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்தபடி. அந்த ஆளின் இடது கால் தரையை உதைத்துக்கொண்டிருந்தது.

கன்னையன். மேலே லயத்து வீட்டில் இருந்தவன். இவனுக்கு முன்னால் இங்கே வந்திருக்க முடியாதவன்.

தோளில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பச்சை ஏலக்காய் மூச்சு, காதுக்குப் பக்கத்தில்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லண்ணே."

ஸ்டாண்டு தாரைத் தொட்டது. பொறி பறந்தது. பின்னால் வெள்ளையாக ஒரு கோடு கிளம்பி வண்டியோடு வந்தது.

ரோடு இடப்பக்கம் திரும்பியது.

கோடு திரும்பவில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. பயப்படாதீர்கள், விளக்கு எரிகிறது, எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம். காலையில் உங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்புகிற வண்டியெல்லாம் பொழுது சாய்வதற்குள் அதே வாசலில் வந்து நிற்கட்டும். கிளம்புகிறவரின் தோளைத் தட்டிக் கேட்க, உசுரோடு ஒரு கை எப்போதும் பின்னால் இருக்கட்டும். நாலு பேருக்குச் சொல்ல வேண்டிய உண்மை எதுவும் உங்கள் வீட்டில் எவர் தொண்டையிலும் தங்காமல், சொல்ல வேண்டிய நாளிலேயே வெளியே வந்துவிடட்டும். உங்கள் குடும்பம் நல்லா இருக்கட்டும். போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து படுங்கள்.